திரைகள் பல, பூட்டுகள் பல

கைப்பேசி, ஏ.டி.எம். இயந்திரம், மின்நூல் படிக்கும் கருவி, தொலைக்காட்சி ஆகிய நான்கிலும் திரை உண்டு. உள்ளே விடுவதற்கு முன் நான்குமே "நீ யார்?" என்று கேட்பதுண்டு. ஆயினும் திரையின் அமைப்பும், கேட்கும் முறையும் கருவிக்குக் கருவி மாறுகின்றன. ஏன்?

முதலில் திரையைக் கவனிப்போம். எல்.சி.டி. திரையின் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். படப்புள்ளிகள் அவ்வொளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. கறுப்பாகத் தெரியும் இடத்திலும் பின்விளக்கு மின்சாரம் செலவழிக்கிறது. ஓ.எல்.இ.டி. திரையிலோ ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிறது. அங்கே கறுப்பு என்றால் அப்புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள். ஆகவே கறுப்புப் பின்னணியை வைத்துக்கொண்டால் இரண்டாவது வகைத் திரையில் பாட்டரி மிச்சமாகும். முதல் வகையில் பெரும்பாலும் ஆகாது.

உங்கள் வீட்டுக் கைப்பேசி எந்த வகை? முழுதும் கறுப்பான ஒரு படத்தைத் திரையில் விரித்து, இருட்டறையில் பாருங்கள். மங்கிய ஒளி கசிந்தால் அது எல்.சி.டி.

மின்நூல் கருவி இவ்விரண்டிலும் சேராது. அதன் திரையில் நுண்ணிய உறைகள் உள்ளன. அவற்றினுள் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கு ஏற்ப ஏதேனும் ஒரு நிறம் மேலே வரும். வந்தபின் மின்சாரம் இன்றியே அங்கு நிற்கும்! மேலே விழும் ஒளியைக் காகிதம் போலத் திருப்பி அனுப்புவதால், நண்பகல் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் துகள்கள் நகரச் சற்று நேரம் வேண்டும். எனவே திரைப்படம் பார்க்க அது ஏற்றதன்று.

இனிப் பூட்டுக்கு வருவோம். ஏ.டி.எம். கேட்பது பொதுவாக நான்கு இலக்க எண். 10×10×10×10, அதாவது 10,000 வாய்ப்புகள். இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் சில முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். மூன்று முயற்சி என்று கொண்டால், திருடன் வெல்லும் வாய்ப்பு 10,000-இல் 3 மட்டுமே. ஆனால் பிறந்த நாளையும் மாதத்தையும் இரகசிய எண்ணாக வைத்தால்? வாய்ப்புகள் 366 ஆகச் சுருங்கும். திருடன் வெல்லும் வாய்ப்பு 122-இல் 1 ஆகிவிடும். உங்கள் பிறந்த நாளை அறிந்தவனுக்கோ ஒரே முயற்சி போதும். பூட்டைப் பலவீனமாக்கியது இயந்திரமன்று, நம் தேர்வே.

தொலைக்காட்சிக்கு விசைப்பலகை இல்லை. ரிமோட்டைக் கொண்டு நீண்ட கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய்த் தேடி அழுத்துவது பெரும் தொல்லை. ஆகவே தொலைக்காட்சி ஒரு சிறு குறியீட்டைக் காட்டுகிறது. அதை நீங்கள் கைப்பேசியில் உங்கள் கணக்கில் பதிக்கிறீர்கள். உடனே தொலைக்காட்சி உங்கள் கணக்கில் நுழைகிறது. இம்முறைக்கான பொதுவிதி 2019-இல் வெளியிடப்பட்டது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அயலார் ஒருவர் தம் கருவி காட்டும் குறியீட்டை உங்களுக்கு அனுப்பி, "இதைப் பதியுங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்? கடவுச்சொல்லைச் சொல்லாமலே, உங்கள் கணக்கின் கதவை அவருக்குத் திறந்துவிடுவீர்கள். ஆகவே உங்கள் கண்ணெதிரே, நீங்களே இயக்கும் திரையில் தோன்றும் குறியீட்டை மட்டுமே பதியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.