திதி தெரிந்தால் கடல் ஏறும் நேரம் தெரியும்!

மும்பைக் கடல் நம் ஊர்க் கடல் போன்றது அல்ல.

சென்னை மெரினாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் பெரிதாகக் கண்ணில் படாது. உயர்ந்த நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி அது 4 மீட்டரையும் தாண்டும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல்!

காலையில் பாந்திராவில் வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில் மதியம் அலை மோதும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை நீருக்குள் மறையும். மராத்தியில் ஏற்றத்தை 'பர்தி' என்றும், இறக்கத்தை 'ஓகோட்டி' என்றும் சொல்வார்கள்.

கோலி பெண்களின் வயல்

நீர் விலகிய பாறைகளில் கோலி இனப் பெண்கள் 'கல்வா' எனப்படும் சிப்பியை உடைத்து எடுப்பார்கள். சேற்றில் மட்டி பொறுக்குவார்கள். சிவ்ரி சேற்றில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதும் நீர் வற்றிய நேரத்தில்தான். விதைக்காமல் அறுக்கும் வயல் இது.

முக்கால் கணக்கு

கடல் ஏற சுமார் ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் நேற்று போன நேரத்தை நம்பி இன்று போகக்கூடாது.

கொங்கணக் கரையில் ஒரு பழைய கணக்கு உண்டு. திதியை முக்காலால் பெருக்கினால் ஏற்ற நேரம் கிடைக்கும். அஷ்டமி என்றால் எட்டில் முக்கால், ஆறு. காலை 6 மணி, மாலை 6 மணி வாக்கில் கடல் நிறைந்திருக்கும். பவுர்ணமி என்றால் பதினொன்றேகால். இது உத்தேசம்தான், முன்பின் ஒரு மணி நேரம் ஆகலாம். தினசரி காலண்டர் உள்ள வீட்டில் வேறு எதுவும் தேவை இல்லை.

பாறையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பவர்களுக்கு இது உயிர்க் கணக்கு. நீர் முன்னால் இருந்து மட்டும் வருவதில்லை. பாறைக்குப் பின்னால் உள்ள பள்ளம் முதலில் நிறைந்துவிடும். திரும்பும் வழி மூடிய பிறகே பலருக்குத் தெரிகிறது. பாசி படிந்த பாறையில் ஓடவும் முடியாது.

தாராவிக்கும் உண்டு

கடற்கரைப் பக்கமே போகாதவர்களையும் ஏற்றம் விடாது. மித்தி ஆறு தாராவி ஓரமாக வந்து மாகிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வெளியேற வழி இல்லை.

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அன்று பிற்பகலில் கடலும் ஏற்றத்தில் இருந்தது. தண்ணீர் ஊருக்குள் திரும்பியது.

ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை, மழைக்காலத்துக்கு முன்பே மாநகராட்சி வெளியிடுகிறது. அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்து, பலத்த மழையும் சேர்ந்தால் பள்ளத்தில் உள்ள வீட்டில் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழ்களையும் பரணுக்கு ஏற்றிவிடலாம்.