நடுக்கடல்ல இன்ஜின் சூடானா எங்கே தேடுறது?

பைக் சூடானா ஓரமா நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வரலாம். நடுக்கடல்ல படகு இன்ஜினை நிறுத்தினா, காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போக வேண்டியதுதான். நிறுத்தாம ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போயிடும், பிஸ்டன் பிடிச்சுக்கும். அதனால ஸ்பானரை எடுக்கிறதுக்கு முன்னாடி, எங்கே தேடணும்னு தெரிஞ்சிருக்கணும்.

படகுக்குள்ளேயே பொருத்தின இன்போர்டு டீசல் இன்ஜின் பலவற்றில் தண்ணீருக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, நம்ம கார் மாதிரி இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும் கூலன்ட். இன்னொன்று கடல்நீர். காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்கிறது. கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்ட கடல்நீர், எக்ஸாஸ்ட் குழாயில் புகையோடு கலந்து வெளியே போய்விடும்.

இதுல ஒரு வசதி இருக்கு. முள் ஏறினதும் முதலில் எக்ஸாஸ்ட் வாயைப் பாருங்க. தண்ணீர் குறைவா வந்து வெள்ளை ஆவி கிளம்பினா, கோளாறு பெரும்பாலும் கடல்நீர்ப் பாதையில். தண்ணீர் வழக்கம்போல கொட்டியும் சூடு ஏறினா, கூலன்ட் பக்கமும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும்தான் சந்தேகத்துக்குரியவை. தண்ணீரே வரலைன்னா, பாதுகாப்பான சூழல்ல உடனே இன்ஜினை நிறுத்தணும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோவாட் வெப்பம் வெளியே போகணும்னு வைப்போம். கடல்நீரின் வெப்ப ஏற்புத்திறன் சுமார் 4 கிலோஜூல். நீரின் சூடு 10 டிகிரி மட்டும் ஏறணும்னா, நொடிக்கு 1.5 கிலோ, அதாவது நிமிடத்துக்கு சுமார் 90 லிட்டர் வேணும். ஓட்டம் பாதியானா அதே நீர் 20 டிகிரி ஏறும். நம்ம தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல வர்ற அதே சமன்பாடுதான்!

கடல்நீர்ப் பாதையை வெளியிலிருந்து உள்ளே வரிசையா பாருங்க. வால்வு திறந்திருக்கா? ஸ்ட்ரெய்னரில் பிளாஸ்டிக் பை, பாசி, ஜெல்லி மீன் ஏதாவது அடைச்சிருக்கா? ஸ்ட்ரெய்னரைத் திறக்கும் முன் வால்வை மூட மறந்தா, படகுக்குள்ள கடல் வந்துடும். அடுத்து பம்பின் ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாம கொஞ்ச நேரம் ஓடினாலே அதன் இறக்கைகள் பிய்ஞ்சுடும். புது இம்பெல்லர் மாட்டினா மட்டும் வேலை முடியாது. ஆறு இறக்கையில் நாலுதான் இருந்தா, மீதி ரெண்டு எங்கே? ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கியிருக்கலாம். அதைத் தேடி எடுக்கலைன்னா மறுநாளும் சூடாகும்.

கூலன்ட் பக்கம்னா அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட் மூன்றையும் பாருங்க. ஆனா சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறதால 100 டிகிரிக்கு மேலேயும் கூலன்ட் கொதிக்காம இருக்கும். திறந்த நொடியில் ஆவியா மாறி முகத்தில் அடிக்கும். கொதிக்கிற இன்ஜின் மேல குளிர்ந்த கடல்நீரை ஊற்றவும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

எப்போ சூடாகுதுங்கிறதும் ஒரு துப்பு. மெதுவா போகும்போது சரியா இருந்து, வேகத்தில் மட்டும் ஏறினா, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்புப் படிவு இருக்கலாம். புரொப்பல்லரில் கயிறு சுற்றினாலும், படகின் அடியில் சிப்பி அப்பியிருந்தாலும் இன்ஜின் கூடுதலா உழைச்சு சூடாகும்.

முள்ளையும் அப்படியே நம்பாதீங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் மூடி பக்கம் காட்டி ஒப்பிடுங்க. கூலன்ட் ரொம்பக் குறைஞ்சா சென்சார் காற்றில் நிற்கும். அப்போ இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் இறங்கிக் காட்டலாம்.

கடைசியா ஒண்ணு. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, சரியாயிடும்" என்பார்கள். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதே தெர்மோஸ்டாட்தான். கழற்றினா, சூடான கூலன்ட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாம சுற்றிக்கிட்டே இருக்கும், சூடு இன்னும் கூடும். மற்றவற்றில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராம, டீசல் சரியா எரியாம கரி படியும்.

துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே எக்ஸாஸ்ட் தண்ணீரை ஒரு தடவை பார்த்து வைங்க. நல்லா இருக்கும்போது எவ்வளவு கொட்டும்னு தெரிஞ்சாதான், குறையும்போது கண்ணுல படும்.