மூளை அலைகளும் நனவின் அளவைகளும்

மேல்நிலை வகுப்புகளில் உளவியலைப் பாடமாகப் பயிலும் இளைஞர் நம் சபைகளிலும் உளர். அவர்தம் பாடநூலில் நனவு நிலைகளைப் பற்றிய பகுதியில், ஆல்பா, பீட்டா, தீட்டா, டெல்டா என்னும் கிரேக்க எழுத்துகளின் பெயர் தாங்கிய அலைக்கோடுகளைக் காணலாம். விழிப்புக்கு ஒரு கோடு, அயர்வுக்கு ஒரு கோடு, ஆழ்ந்த உறக்கத்திற்கு ஒரு கோடு என்று மாணவர் அவற்றை மனத்திற்கொண்டு தேர்வெழுதுவர். அவருள் சிந்திக்கும் ஒருவர், "ஐயா, மனத்தின் நிலையைக் கருவியே வரைந்து காட்டுமானால், ஆன்மாவைப் பற்றித் தனியே பேச வேண்டுவது ஏன்?" என்று தம் ஆயரை வினவக்கூடும். அதே ஆயர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அழைக்கப்படும்பொழுது, நினைவிழந்து கிடக்கும் ஒருவரின் மகள், "ஐயா, நாங்கள் பேசுவது அப்பாவுக்குக் கேட்குமா?" என்று வேறொரு வினாவை எழுப்புகிறாள்.

இவ்விரண்டும் தனித்தனி வினாக்கள் போல் தோன்றினும் இவற்றின் வேர் ஒன்றே. கருவி எதனை அளக்கிறது? எதனை அளப்பதில்லை? இதனைத் தெளிவுற அறியாத போதகர், முதல் வினாவுக்குக் கடுஞ்சொல்லாலும் இரண்டாம் வினாவுக்கு வெற்று ஆறுதலாலும் விடையிறுக்கும் நிலைக்கு ஆளாவார். எனவே இப்பொருளைச் சற்று முறையாக ஆராய்வோம்.

1. தேடியது ஒன்று, கண்டது வேறு

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதன்முதலில் அறிவித்தவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன். முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளையில் நுண்ணிய மின்மாற்றங்களைக் கண்டு 1875-ஆம் ஆண்டில் அவர் அதனை வெளியிட்டார். மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர்.

பெர்கர் இத்துறைக்கு வந்த வரலாறு கருதத்தக்கது. இளமையில் அவர் படைப்பயிற்சியில் இருந்தபோது குதிரையினின்று வீழ்ந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் அகப்படாமல் நூலிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், தொலைவிலிருந்த அவருடைய தமக்கை அவருக்குத் தீங்கு நேர்ந்ததாக அஞ்சித் தந்தையைத் தூண்ட, அவர் நலம் விசாரித்துத் தந்தி அனுப்பினார். ஒருவர் மனத்தின் ஆற்றல் மற்றொருவரைச் சென்றடைகிறது என்று பெர்கர் இதனால் நம்பினார். அம்மன ஆற்றலை அளந்தறிவதே அவருடைய வாழ்நாள் நாட்டமாயிற்று. 1924-ஆம் ஆண்டில், அறுவையினால் மண்டையோட்டில் இடைவெளி ஏற்பட்டிருந்த ஓர் இளைஞரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி அவர் அலைகளைப் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே, 1929-இல் அதனை வெளியிட்டார். பலர் ஐயுற்றனர். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதனை உறுதிப்படுத்திய பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது.

மனத்தின் ஆற்றலைத் தேடிப் புறப்பட்ட அவருக்குக் கிடைத்தது மூளை உயிரணுக்களின் மின்னலை. தொலைவிலுள்ள ஒருவருக்கு எண்ணத்தை எடுத்துச் செல்லும் ஆற்றல் அவ்வலைக்கு இல்லை. ஆயினும், வலிப்பு நோயையும் உறக்கத்தையும் அறிவதற்கு மருத்துவ உலகம் அதனால் பெற்ற பயன் மிகப் பெரிது.

2. அலை என்பது யாது?

மூளையின் புறணியிலுள்ள எண்ணற்ற நரம்பணுக்களில் மின்னழுத்தம் ஏறியிறங்குகிறது. பல்லாயிரம் அணுக்கள் ஒருசேர ஏறியிறங்கும்போது, அதன் சாயல் மண்டையோட்டைக் கடந்து தலைத்தோல்வரை எட்டுகிறது. அங்கு அதன் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். கைவிளக்கிலுள்ள 1.5 வோல்ட் மின்கலத்தின் அழுத்தத்தில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அதனைப் பெருக்கிக் கோடாக வரைவதே ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவு.

ஆலயத்திற்கு வெளியே நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே சபையார் அனைவரும் ஒரே குரலில் மறுமொழி கூறினால், அவருக்கு அது பெருத்த ஓசையாக ஏறியிறங்கிக் கேட்கும். ஆராதனை முடிந்து ஒவ்வொருவரும் தத்தம் அயலாரோடு பேசத் தொடங்கினால், சீரற்ற மெல்லிய இரைச்சலே கேட்கும். உண்மையில் கருத்துப் பரிமாற்றம் மிகுந்திருப்பது இரண்டாம் நிலையிலேயே. மூளையும் அத்தகையதே. ஆழ்ந்த உறக்கத்தில் அணுக்கள் ஒருசேர இயங்குவதால் அலைகள் பெரியனவாகவும் மெதுவானவையாகவும் அமைகின்றன. விழிப்பில் அவை வெவ்வேறு பணிகளில் ஈடுபடுவதால் அலைகள் சிறியனவாகவும் விரைவானவையாகவும் உள்ளன. வெளியே நிற்பவர் ஓசையை அறிவார். பேசப்பட்ட சொற்களை அறியார்.

அலைகளின் வகைகள் பின்வருமாறு: நொடிக்கு 4-க்கும் குறைவானது டெல்டா, ஆழ்ந்த உறக்கத்திற்குரியது. 4 முதல் 8 வரை தீட்டா, அயர்விலும் உறக்கத்தின் தொடக்கத்திலும் காணப்படுவது. 8 முதல் 13 வரை ஆல்பா. கண்மூடி அமைதியாக விழித்திருப்பவருக்குத் தலையின் பின்புறத்தில் தெளிவாகத் தோன்றும். கண்ணைத் திறந்தவுடன் மங்கும். 13-க்கு மேற்பட்டது பீட்டா, கருத்தூன்றிய விழிப்பில் மிகுவது.

3. உறக்கம் கற்பிக்கும் பாடம்

இதுவரை கூறியதைக் கொண்டு, "அலை விரைந்தால் நனவு உண்டு, அலை தளர்ந்தால் நனவு இல்லை" என்று மாணவர் முடிவு செய்தல் இயல்பே. அம்முடிவைத் தகர்த்தது உறக்க ஆய்வேயாகும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் இமைகளுக்குள் விரைந்தசையும் காலங்கள் உண்டு என்று கண்டறிந்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருள் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். இந்நிலை ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை மீளும். அப்பொழுது மூளை அலைகள் விழித்திருப்பவருடையவை போன்றே விளங்கும். உடலின் தசைகளோ முற்றிலும் தளர்ந்திருக்கும். பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஜூவே இதனை முரண் உறக்கம் என்றழைத்தார்.

ஆகவே, மூளை அலையை மட்டும் நோக்குபவர், உறங்குகிறவரை விழித்திருப்பவர் என்று கொள்ள இடமுண்டு. இதனாலன்றோ உறக்க ஆய்வுக்கூடங்களில் மூளை அலையோடு கண்ணசைவையும் தசையின் இறுக்கத்தையும் சேர்த்தே பதிவு செய்கின்றனர்! மேலும், இதயம் நின்று மீண்ட சிலர் ஆழ்மயக்கத்தில் கிடக்கையில், ஆல்பா வேகத்திலேயே அலைகள் ஓடுவதை மருத்துவர் கண்டுள்ளனர். எனவே, ஒரு குறிப்பிட்ட அலை ஒரு குறிப்பிட்ட நனவு நிலையோடு பெரும்பாலும் சேர்ந்து வருகிறது என்பதே சரியான கூற்று. அலையே நனவு என்பது பிழை.

4. மறுமொழியால் அளத்தல்

மருத்துவமனையில் நாள்தோறும் கையாளப்படும் அளவை மின்னலை அன்று. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்னும் மருத்துவர் இருவர் வகுத்த அளவுகோலே அது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உறுப்பசைவுக்கு 6 என மிகுதியான மதிப்பெண் 15. மிகக் குறைந்தது 3. 8-உம் அதற்குக் கீழும் ஆழ்மயக்கமாகக் கருதப்படும். இது எளிது, பயன்மிக்கது. ஆனால் இது அளப்பது மறுமொழியையே. உள்ளே விழிப்பிருந்தும் மறுமொழி கூற இயலாதவரை இவ்வளவுகோல் அறியாது.

அத்தகையோர் இருக்கின்றனர். மூளைத்தண்டின் ஒரு பகுதி சிதைவுற்றால், அறிவு முழுமையாக இருந்தும், கண்களை மேலும் கீழும் அசைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத நிலை ஏற்படும். 1966-இல் பிளம், போஸ்னர் என்போர் இதற்கு உள்ளடைபட்ட நிலை என்னும் பொருளில் பெயரிட்டனர்.

வேறு சிலர் ஆழ்மயக்கத்தினின்று மீண்டு கண்ணைத் திறப்பர், உறங்குவர், விழிப்பர், ஆயினும் சூழலை உணர்வதற்கான அறிகுறி எதுவும் காட்டார். 1972-இல் ஜெனட்டும் பிளமும் இதனை விவரித்தனர். இத்தகையோருக்கு உணர்வே இல்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2006-இல் ஏட்ரியன் ஓவன் என்பாரும் அவர்தம் குழுவினரும் கேம்பிரிட்ஜில் ஓர் இளம்பெண்ணைச் சோதித்தனர். விபத்துக்குப்பின் மாதக்கணக்கில் மறுமொழியின்றி இருந்தவர் அவர். மூளையின் செயலைக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியில் அவரைக் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறும், பின்னர்த் தம் வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுமாறும் கூறினர். நலமுள்ளோரின் மூளையில் அவ்வேளைகளில் செயற்படும் அதே பகுதிகள் அவரிடத்தும் செயற்பட்டன. அவர் கேட்டார்; புரிந்துகொண்டார்; சொன்னபடி செய்தார். உடல் மட்டும் அசையவில்லை.

2010-இல் இம்முறையில் 54 நோயாளிகள் சோதிக்கப்பட்டனர். ஐவர் இவ்வாறு இசைந்தனர். அவருள் ஒருவர், ஒரு கற்பனை "ஆம்" என்பதற்கும் மற்றது "இல்லை" என்பதற்கும் எனக் கொண்டு வினாக்களுக்கு விடையளித்தார். 2024-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் இணங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளையளவில் கட்டளைக்கு இணங்கினர். எம்.ஆர்.ஐ.யோடு மின்னலைப் பதிவும் இதற்குத் துணையாயிற்று.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு நமக்கு மிகவும் இன்றியமையாதது. படுக்கையருகே கட்டளைக்கு வெளிப்படையாக இணங்கிய 112 பேரையும் அதே சோதனைக்கு உட்படுத்தினர். அவருள் 43 பேரிடத்திலேயே கருவி இணக்கத்தைக் கண்டது. உணர்வுள்ளோர் என்று நாம் உறுதியாக அறிந்தவருள்ளும் பெரும்பாலோரைக் கருவி தவறவிட்டது. ஆதலால், கருவி "உண்டு" என்றால் அதனை ஏற்கலாம். "காணவில்லை" என்றால் அது "இல்லை" என்பதற்குச் சான்றாகாது.

5. மூளைச்சாவு வேறு

மேற்கூறிய நிலைகளோடு மூளைச்சாவைக் குழப்புதல் ஆகாது. ஆழ்மயக்கத்திலும், கண் திறந்தும் மறுமொழியற்ற நிலையிலும் மூளைத்தண்டு இயங்குகிறது. மூளைச்சாவில் அது மீளாவண்ணம் நின்றுவிடுகிறது. செயற்கைச் சுவாசக் கருவியால் மார்பு ஏறியிறங்குவதும், உடல் வெதுவெதுப்பாயிருப்பதும் உறவினரை மயங்கச் செய்யும். 1968-இல் ஹார்வர்டு குழு வகுத்த நெறிகளில், அலையற்ற தட்டைக்கோடு உறுதிப்படுத்தும் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் உடல் கடுங்குளிர்ச்சி அடைந்தாலும், சில மயக்க மருந்துகள் மிகுந்தாலும் கோடு தட்டையாகி, பின்னர் மீளக்கூடும். அக்காரணங்களை முதலில் விலக்கிய பின்னரே சோதனை தொடங்கும். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை மூளைத்தண்டைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அச்சோதனை நிறைவுற்ற பின்னர், "எழுந்துவிடுவார்" என்று குடும்பத்தாரிடம் கூறுவது அன்பன்று, துயரை நீட்டிப்பதேயாகும்.

6. திருப்பணியாளர் கருத வேண்டுவன

முதலாவது, மாணவரின் வினா. மூளை அலையை அறிவது ஆன்மாவை நீக்கிவிடுவதில்லை. அலையைச் சுட்டிக்காட்டி ஆன்மாவை நிறுவவும் இயலாது. திருமறையின் எபிரேயச் சொல்லாகிய நெஃபெஷ் என்பது மூச்சு, உயிர், முழு மனிதர் என்னும் பொருள்களையுடையது. தலைக்குள் மறைந்திருக்கும் ஒரு பொருளின் பெயரன்று. ஆகவே, கருவி அதனைக் கண்டதா, காணவில்லையா என்று அஞ்ச வேண்டுவதில்லை. மாணவரை உளவியல் பாடத்தினின்று விலக்காமல், ஒவ்வோர் அளவையும் எதனை அளக்கிறது என்று வினவப் பழக்குதலே நற்போதனை.

இரண்டாவது, மருத்துவர் கூறும் சொல்லைக் கவனித்தல். ஆழ்மயக்கமா, கண் திறந்தும் மறுமொழியற்ற நிலையா, மூளைச்சாவா என்று பணிவுடன் கேட்டறிந்த பின்னரே குடும்பத்தாரோடு பேசுவது தகும்.

மூன்றாவது, நினைவிழந்தவரின் அருகில் நடந்துகொள்ளும் முறை. அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். நீங்கள் யாரென்று கூறுங்கள். உங்கள் வேண்டுதல் சுருக்கமாயிருக்கட்டும். சிகிச்சைச் செலவையும், சொத்துப் பிரிவினையையும், அடக்க ஒழுங்குகளையும் அவர் தலைமாட்டில் பேசுவதைத் தடுங்கள். "கேட்குமா?" என்று மகள் வினவும்போது, "உறுதியாகக் கேட்கும்" என்று கூற நமக்கு அதிகாரமில்லை, "கேட்காது" என்று கூறவும் அதிகாரமில்லை. "மறுமொழி கூறாத சிலர் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள், அம்மா. ஆகவே, கேட்கிறவரிடம் பேசுவதுபோலவே பேசுங்கள்" என்று கூறலாம். அது உண்மை, அவளுக்குப் போதுமானதும் ஆகும். மூளைச்சாவு சான்றளிக்கப்பட்டிருப்பின் இவ்விடை பொருந்தாது. ஆண்டு, பெற்றோர் பிரிவைத் தாங்குமாறு அவளைத் தாங்குவதே நம் பணி.