கிணற்று நீருக்கும் விலை உண்டு

எண்ணூர், மணலி தொழிற்சாலைகளுக்காகவும் சென்னைக் குடிநீருக்காகவும் மீஞ்சூர்ப் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகளில் பல ஆண்டுகள் நீர் இறைக்கப்பட்டது. இறைத்த அளவுக்கு மழைநீர் ஊறவில்லை. நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல கிணறுகள் உவர்த்தன.

சென்னைக் குடிநீர் வாரியம் 2010 முதல் காட்டுப்பள்ளியில் சுத்திகரித்த கடல்நீரை விலைக்கு வாங்கத் தொடங்கியது. மின்செலவு மிகுதியால் கிணற்று நீரைவிட இதன் அடக்கவிலை பன்மடங்கு. இந்தச் சுமையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, 2019-ல் கொடுங்கையூரில் தொடங்கிய நிலையம். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்பதற்கென அமைந்தது. வாரியத்துக்கு வருவாய், நிலத்தடி நீருக்கு ஓய்வு.

கடலோர விவசாயிகளும் தண்ணீரை விற்பதற்காகக் கோடையில் அளவுக்கு மீறி இறைக்கக் கூடாது. விற்ற பணம் செலவாகிவிடும். உவர்த்த கிணறு எளிதில் மீளாது. ஆண்டுதோறும் பாசன நீரை மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, உவர் கூடினால் இறைப்பைக் குறைப்பது நல்லது.