டைல்ஸுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர்

டைல்ஸ் பதித்துவிட்டால் குளியலறையில் நீர் கசியாது என்ற நம்பிக்கை, வீட்டைத் தாமே புதுப்பிக்க முனையும் பலரிடம் வலுவாக இருக்கிறது. மெருகேற்றிய டைலின் மேற்பரப்பில் நீர் ஊடுருவுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் டைல்களின் இடுக்குகளில் நிரப்பப்படும் சிமெண்ட் வகைக் கிரவுட்டும், அவற்றுக்கு அடியிலுள்ள கலவையும் நுண்துளைகள் நிறைந்தவையாதலால், நாள்தோறும் விழும் நீரில் ஒரு சிறு பங்கு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இத்துளைகளின் தோற்றம் சிமெண்டின் வேதியியலில் அடங்கியுள்ளது. சிமெண்ட் வினைபுரிந்து இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீரே தேவை. ஆனால் கரணையால் இழுத்துப் பூசும் பதம் வருவதற்கு அதைவிடக் கூடுதலாகவே நீர் சேர்க்க வேண்டியிருப்பதால், மிகுதி நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடங்களை வெற்றுப் புழைகளாக விட்டுச் செல்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இப்புழைகளில் நீர் மேல்நோக்கி ஏறுவதே நுண்புழையேற்றம் எனப்படும். புழை குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும் என்கிறது ஜூரின் விதி: 0.1 மி.மீ. ஆரமுள்ள புழையில் சுமார் 15 செ.மீ. ஏறும் நீர், 0.01 மி.மீ. ஆரமுள்ள புழையில் ஒன்றரை மீட்டர் வரை ஏறக்கூடும். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் காத்து, பெயிண்ட் உப்பி உரிந்து, வெண்ணிற உப்புப் பூப்பது இவ்வாறுதான். அதைவிடக் கேடானது தளத்துக்குள் நிகழ்கிறது; கம்பியைக் காத்துநிற்கும் கான்கிரீட்டின் காரத்தன்மை நாளடைவில் குறைந்துபோன இடங்களில் ஈரமும் சேர்ந்தால் துருப் பிடிக்கிறது, துரு இரும்பைவிட இருமடங்குக்கும் மேல் இடம் கொள்வதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

இதைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசப்படும் மெல்லிய படலமே. அக்ரிலிக் பாலிமர்த் திரவத்தையும் சிமெண்ட் தூளையும் கலந்து, முதல் பூச்சு உலர்ந்த பின் அதற்குக் குறுக்கே இரண்டாம் பூச்சு கொடுத்தால், பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரு மி.மீ. அளவிலான, ஓரளவு நெகிழக்கூடிய தோலாகின்றன. ஷவர் உள்ள சுவரில் ஆள் உயரத்துக்கு மேலும், பிற சுவர்களில் ஓரடி உயரத்துக்கேனும் இப்பூச்சு செல்ல வேண்டும்.

பெரும்பாலான கசிவுகள் பரந்த தரையில் அல்லாமல், மூலைகளிலும் குழாய் வாய்களிலுமே தொடங்குகின்றன. தரையும் சுவரும் வெவ்வேறு விதமாக அசைவதால் அவை கூடும் கோட்டில் விரிசல் எளிதில் விழும். ஆகவே அம்மூலையைக் கலவையால் வளைவாக்கி, இரு பூச்சுகளுக்கிடையே கண்ணாடியிழை வலையைப் பதிப்பது இன்றியமையாதது. பி.வி.சி. குழாயோ வெப்பத்தில் கான்கிரீட்டைவிடப் பன்மடங்கு விரிவதோடு, அதன் வழவழப்பில் சிமெண்ட் பிடிப்பதும் இல்லை. குழாயின் புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பின்னரே, சுற்றியுள்ள இடைவெளியை நெகிழும் சீலண்ட் கொண்டு அடைக்க வேண்டும். வாட்டம் விஷயத்திலும் ஒரு பிழை பரவலாகக் காணப்படுகிறது: டைலுக்கு மட்டும் வாட்டம் கொடுத்து, அடியிலுள்ள பூச்சைச் சமதளமாக விட்டால், உள்ளிறங்கிய நீர் போக வழியின்றித் தேங்கி நாற்றமெடுக்கும். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவையேனும் பூச்சுக்கு முன்பே தளத்தில் அமைத்துவிடுவது நல்லது.

கசிந்த பின் கீழ்த்தளக் கூரையில் பூசும் மருந்து நெடுநாள் நிற்பதில்லை. மேலிருந்து இறங்கும் நீரே அதைத் தள்ளி உரித்துவிடும். எனவே, பூச்சு முழுமையாக இறுகியதும் கழிவுநீர் வாயை அடைத்து, 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஆவியாதலால் சில மி.மீ. குறைவது இயல்பு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்தடம் எதுவும் இல்லை என்பதை நேரில் பார்த்த பின்னரே முதல் டைலைப் பதிக்கலாம்.