வெள்ளைப் பூச்சுக்குள் பாதரசம்

முகத்துக்குப் பூசும் கிறீமைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர், "வீடும் போய் ஆட்களும் போய் நிற்கிற சனத்துக்கு இதுவும் ஒரு கதையோ?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யுத்தத்தின் காயங்களோடு வாழும் பெண்களே இதைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துத் தங்கி, புடைவைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் வேலை செய்யும் வடக்கு, கிழக்குப் பெண்பிள்ளைகள் ஏராளம். இவ்விடங்களில் நிறமும் ஒரு தகைமை. விண்ணப்பப் படிவத்தில் அது இருக்காது. ஆனால் வாடிக்கையாளர் முன் யாரை நிறுத்துவது, உள்ளே துணி மடிக்க யாரை விடுவது என்று வரும்போது தெரியும். வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் படம் அனுப்புவது இன்னொரு பக்கம். ஆகவே "இரண்டு கிழமையில் வெள்ளை" என்று விற்கும் சிறிய போத்தலை வாங்கும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக ஒரு நொதியம் வேண்டும். பாதரச உப்புகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. மெலனின் குறைய, முகம் வெளிறுகிறது. விலையும் மலிவு, பலனும் விரைவு. 2019 நவம்பரில் வெளிவந்த ஒரு சர்வதேச அறிக்கைக்காக 12 நாடுகளில் வாங்கிய 158 கிறீம்களைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 95இல், சர்வதேச எல்லையான கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தது. சிலவற்றில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கும் மேல்!

கொட்டாஞ்சேனையிலிருந்து சற்றுத் தள்ளி, செட்டியார் தெருவில் பொன்வேலை செய்பவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளிறிப் போகும் என்பார். சில கிறீம்களின் தாளில் "தங்கம், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது" என்று எழுதியிருப்பதும் இதனால்தான். நகையில் படக்கூடாததை முகத்தில் தேய்க்கச் சொல்கிறார்கள்!

முகத்தில் பூசுவது முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கர்ப்பிணியாயின் வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. ஆவியாகி அறைக் காற்றிலும், துவாயிலும் தலையணை உறையிலும் சேர்கிறது. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வேர்ஜீனியாவிலும் இவ்வகைக் கிறீம் பூசியவர்களின் வீடுகளில் சோதித்தபோது, அதைத் தொட்டே இராதவர்களின் உடலிலும் பாதரசம் கூடியிருந்தது. ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது சாதாரண செய்தியல்ல.

கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக வைத்தியர்கள் கண்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதடைந்து சிறுநீரோடு புரதம் வெளியேறும் நோயுடன் அவர்களிடம் 22 பேர் வந்தனர். 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிறீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினர் என்பது ஆறுதல்.

இனி, அந்த அக்காவுக்கான பதில். பாதரசம் உடலில் சேர்ந்தால் நித்திரை வராது. எரிச்சலும் பதற்றமும் வரும். மறதி, கைநடுக்கம், கைகால் விறைப்பு வரும். இந்தப் பட்டியலை இன்னொருமுறை வாசியுங்கள். யுத்தம் தந்தவை என்று நாங்கள் சொல்லும் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதானே? முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் புடைவைக் கடையொன்றில் நிற்கும் ஒரு தங்கச்சிக்கு இப்படித்தான் நடந்தது. 2009இல் அவளுக்குப் பத்து வயது. நித்திரையில்லை, கை நடுங்குகிறது என்றபோது, "செல்லடிக்குள் இருந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் முடிவு கட்டினார்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனாள். அங்கே ஒரு வைத்தியர், "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேட்டதில்லை. கிறீமை விட்டு, மருந்தெடுத்து, நான்கு மாதத்தில் வீக்கம் வற்றியது. நடுக்கமும் குறைந்தது. நித்திரை முழுதாகத் திரும்பவில்லை. அதில் எவ்வளவு கிறீமுக்கு, எவ்வளவு முள்ளிவாய்க்காலுக்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குப் பின் உற்பத்தி செய்யவோ ஏற்றி இறக்கவோ கூடாது என உறுப்பு நாடுகள் 2023இல் தீர்மானித்தன. ஆனால் பயணப் பையில் வரும் போத்தலுக்குத் தீர்மானம் தெரியாதே. சில அழகு நிலையங்கள் தாமே குழைத்து, பெயரில்லாத டப்பாவில் கொடுப்பவையும் உண்டு.

கலோமெல், மேர்கியூரிக், மேர்கியூரஸ், அமோனியேற்றட் மேர்கியூரி என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். உற்பத்தியாளர் விலாசமே இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். அப்படி விற்றால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஏற்கனவே பூசுகிறவர்கள் நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதியுங்கள். வைத்தியரிடம் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது. மீதிக் கிறீமை எரிக்கவோ தண்ணீரில் கழுவி ஊற்றவோ வேண்டாம். இறுக மூடிப் பையில் கட்டி, பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்திய முதல் மாதங்களில் முகம் முன்னையதைவிடக் கறுக்கக்கூடும். பலர் திரும்பப் போத்தலைத் திறப்பது அப்போதுதான். அந்தத் தங்கச்சி திறக்கவில்லை. அவளை முன்வரிசையிலிருந்து எடுத்து, உள்ளே துணி மடிக்க விட்டார்கள். சம்பளம் குறையவில்லை, கொமிஷன் நின்றுபோனது.