தனியெண் பேசுமோ?

எண்ணை அறிவின் கண்களுள் ஒன்றாகப் போற்றியவர் நம் முன்னோர். எனினும், ஓர் எண்ணைத் தனியே நிறுத்தி நோக்குவார்க்கு அது பெரும்பாலும் மயக்கத்தையே தரும். அயலிலுள்ள எண்களோடு வைத்து ஒப்புநோக்குமிடத்தே அதன் பொருள் புலனாகும். இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்டம் நல்லதொரு சான்று தருகின்றது.

அவ்வாட்டத்தில் பந்துவீச்சாளர் ஒருவரின் திறனை, ஒன்பது இனிங்ஸுக்கு அவர் எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்பதைக் கொண்டு மதிப்பர். களத்தடுப்பாளரின் பிழையால் விளைந்த ஓட்டங்கள் அவர் கணக்கிற் சேரா. எண் குறையக் குறையத் திறன் மிகும். கிரிக்கட் பந்துவீச்சுச் சராசரியை அறிந்தார்க்கு இம்முறை புதுமையன்று.

பனாமா நாட்டில் மீனவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த மரியானோ ரிவேரா, 1995 முதல் 2013 வரை நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக ஆடினார். தொடக்கப் பந்துவீச்சாளர் ஓய்ந்தபின், ஆட்டத்தின் இறுதியில் வந்து, கைக்கெட்டிய வெற்றியைக் காத்துக் கொடுத்தலே அவர் பணி. 652 ஆட்டங்களில் அவ்வாறு காத்தார். இத்தொகையை எவரும் விஞ்சவில்லை. அவர் வீசிய இனிங்ஸ் 1,283இற்குச் சற்று அதிகம், கணக்கிற் சேர்ந்த ஓட்டங்கள் 315, சராசரி 2.21.

இது சிறப்போ அன்றோ? காலத்தை அறியாது விடை கூறல் இயலாது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக் முழுவதற்குமான சராசரி 2.98. பந்துவீச்சாளரின் கை அத்துணை ஓங்கியிருந்தமையால், மறு ஆண்டிலே அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலோ அதே லீக்கின் சராசரி 4.91. அவ்வாண்டில் ரிவேராவின் சராசரி 2.85. 1968இல் இவ்வெண் நடுத்தரமானவர்க்கும் வாய்த்திருக்கும். 2000இல் மிகச் சிலர்க்கே வாய்த்தது. ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூச் சர்க்கரையாகும் என்பர். ஊரை அறிந்தே இனிப்பை மதித்தல் வேண்டும்.

இக்குறை நீங்கவே, லீக்கின் சராசரியை 100 எனக் கொண்டு, மைதானங்களின் இயல்பையும் கருதி, வீரரின் நிலையைக் காட்டும் அளவை ஒன்று வகுக்கப்பட்டது. அதில் எண் மிகுதலே சிறப்பு. ரிவேராவின் வாழ்நாள் எண் 205. தம் காலத்துச் சராசரி வீரர் நூறு ஓட்டங்கள் கொடுக்குமிடத்து அவர் ஐம்பதிற்கும் குறைவாகவே கொடுத்தார் என்பது இதன் பொருள். ஆயிரம் இனிங்ஸுக்கு மேல் வீசியோருள் இதற்கு மேற்பட்டார் இலர்.

ஈண்டு ஒரு தடை எழும். லீக்கின் சராசரியுள் தொடக்கப் பந்துவீச்சாளரும் அடங்குவர். அவர்கள் ஒரே துடுப்பாட்டக்காரரை மும்முறை எதிர்கொள்ளவும், ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடவும் வேண்டும். பின் வருபவரோ ஓர் இனிங்ஸில் முழுவலிமையையும் காட்டலாம். ரிவேராவே இதற்குச் சான்றாவார். 1995இல் ஆடிய 19 ஆட்டங்களுள் பத்தினை அவரே தொடங்கினார்; அவ்வாண்டுச் சராசரி 5.51. மறு ஆண்டு பின்வருவோராகவே ஆடியபோது அது 2.09 ஆயிற்று. அன்றியும், கிரெக் மடக்ஸ் என்னும் தொடக்கப் பந்துவீச்சாளர் 5,008 இனிங்ஸ் வீசி 132 என்னும் எண்ணைப் பெற்றார். ஏறத்தாழ நான்கு மடங்கு உழைப்பை உழைத்தவரை 205 என்னும் ஓரெண்ணால் தாழ்த்துதல் நடுவுநிலையாகாது. எவ்வளவு நன்றாக என்பது ஒரு வினா. எவ்வளவு காலம், எவ்வளவு பாரம் என்பது வேறு வினா.

ஆயினும் ரிவேராவின் பக்கம் இன்னுமொரு சான்றுண்டு. வலிய அணிகளே எஞ்சிநிற்கும் இறுதிக்கட்டப் போட்டிகளில் அவர் வீசிய 141 இனிங்ஸில் சராசரி 0.70. இடர் மிகுந்த வேளையில் தளராமையைச் சராசரிகள் தனித்துக் காட்டா. 2019இல் புகழ்மண்டபத்திற்கு வாக்களித்த 425 பேரும் ஒருமித்து அவரைத் தெரிந்தனர். அத்தகு பேறு அதற்குமுன் எவர்க்கும் கிட்டியதன்று.

விடைத்தாளில் எண்ணிடும் ஆசிரியர்க்கும், அவ்வெண்ணால் மகிழ்ந்தும் வாடியும் நிற்கும் மாணவர்க்கும் இக்கணக்கு உரியதே. கடினமான வினாத்தாளில் 45 பெற்றவன், எளிய தாளில் 70 பெற்றவனினும் வல்லவனாயிருத்தல் கூடும். யாருடன், எக்காலத்தில், எப்பாரத்தைச் சுமந்து என்னும் மூன்றையும் வினவாது எண்ணைக் கொண்டு தீர்ப்பளித்தல், துலாக்கோலின் ஒரு தட்டை மட்டும் பார்த்து நிறை கூறுதலை ஒக்கும்.